மொன்தாயு: விசாரணையாளன் எழுதிவைத்த ஊர்

1

பிரான்சின் தெற்கே, பிரனே மலைத்தொடரின் வடசரிவில், அரியேஜ் மாவட்டத்தில் மொன்தாயு என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீட்டர் உயரம். நிரந்தரமாக வாழ்பவர்கள் இன்று ஐம்பது பேர்கூட இல்லை. இப்படி ஆளொழிந்துபோன மலையூர்கள் பிரான்சில் எத்தனையோ உண்டு. ஆனால் பதினான்காம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் இங்கு வாழ்ந்த இருநூறு, இருநூற்றைம்பது பேரை நாம் அறிந்திருக்கும் அளவுக்கு, அக்கால ஐரோப்பாவின் வேறு குடியானவர்களை அறிந்திருப்பது அபூர்வம். என்ன சாப்பிட்டார்கள், யாரோடு படுத்தார்கள், யாருக்கு யாரோடு கோபம், சாவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

இதை எழுதிவைத்தவர்கள் அந்த ஊரார் அல்லர். அவர்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களைச் சிறையில் அடைத்து விசாரித்துத் தண்டித்த ஓர் ஆயர் எழுதிவைத்தார். அவர் வந்திராவிட்டால் மொன்தாயு என்ற பெயர் வரிக்கணக்கு ஏடுகளுக்கு வெளியே யாருக்கும் தெரிந்திராது.

ஊரில் நான் பல்கலைக்கழகமொன்றில் வரலாறு படிப்பித்தவன். வரலாறெழுதியல் பாடத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பின் மங்கிய போட்டோப் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, ‘அடிநிலை மக்களின் வரலாற்றை எழுத முடியும்’ என்பதற்கு உதாரணமாக மொன்தாயுவைக் காட்டியிருக்கிறேன். அன்று அது எனக்கு ஒரு முறையியல் கேள்வி மட்டுமே. 2008ம் ஆண்டு இங்கு வந்தேன். இப்போது உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. அதே நூலைப் பிரெஞ்சில் மெதுமெதுவாக மறுபடி வாசித்தேன். சில வருடங்களுக்கு முன் கோடை விடுமுறையில் அந்த ஊருக்கும் போய்வந்தேன். படிப்பித்த காலத்தில் எனக்குப் படாத ஒரு விடயம் இம்முறை பட்டது. அதைச் சொல்வதற்கு முதலில் ஊரைச் சொல்லவேண்டும்.

2

துலூஸிலிருந்து புகைவண்டி அரியேஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஆக்ஸ் என்ற சிறு பட்டினம் வரை போகிறது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன இடம். அங்கிருந்து வீதி வளைந்து வளைந்து ஏறி, ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்து ஒரு மேட்டுநிலத்தில் இறங்குகிறது. ஊசியிலைக் காடு, புல்வெளி, பிராத் என்ற ஊர், அதற்கப்பால் மொன்தாயு. ஒரு குன்று. அதன் உச்சியில் கோட்டையின் இடிந்த சுவர்கள். மத்தியகால ஊர் அந்தக் கோட்டையின் காலடியில் நெருங்கிக் கட்டப்பட்டிருந்தது. இப்போதைய வீடுகள் சரிவில் கீழே இறங்கிவிட்டன. பழைய வீடுகள் இருந்த இடம் புல்லாய்க் கிடக்கிறது. ஊருக்குக் கீழே கார்னேஸ் மாதாவின் சிறுகோயில் மட்டும் அன்றைய பெயரோடு நிற்கிறது. நான் போன நாளில் திறந்திருந்த கடையொன்றையும் காணவில்லை.

குளிர்காலத்தில் பனி மூடும் நிலம் இது. கோதுமையும் ஓட்ஸும் விளையும், திராட்சையும் ஒலிவும் விளையா. வைனும் எண்ணெயும் கழுதை முதுகில் கீழ்நாட்டிலிருந்து வரவேண்டும். தானியத்தை அரைக்க ஆக்ஸிலிருந்த பிரபுவின் ஆலைக்குச் சுமந்து போகவேண்டும். வீட்டின் நடுவில் அடுப்பங்கரை, அதுதான் வீடு. நெருப்பு அணையாமல் இராச் சாம்பலால் மூடிவைப்பார்கள். கூரை தட்டையானது, அங்கேதான் தானியம் காயப்போடுவதும் பெண்கள் வெயிலில் இருந்து ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பதும். பேன் பார்த்தல் பெரிய சமூகக் காரியம். தாய்க்கு மகளும், காதலனுக்குக் காதலியும் பார்ப்பார்கள். ஊர்க்கதை முழுவதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். நம்முடைய வீட்டுத் திண்ணைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிலம் போதாது. ஆகவே ஆடு. மலைமேல் கோடையில் மேயும் மந்தைகள் பனிக்காலத்தில் அங்கே உயிர்வாழ முடியாது. மேய்ப்பர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு மலைத்தொடரைக் கடந்து கத்தலோனியாவின் சமவெளிகளுக்குப் போவார்கள், வசந்தத்தில் திரும்புவார்கள். 1258ம் ஆண்டு பிரான்ஸ் மன்னனும் அரகோன் மன்னனும் உடன்படிக்கை செய்து எல்லையைப் பிரித்துக்கொண்டார்கள். மேய்ப்பனுக்கு அது ஒரு பொருட்டல்ல. புல் இருக்கும் திசையில் அவனுடைய பாதை போகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மூலையில் கிடக்கும் ஊர்போலத் தெரியும் மொன்தாயு, இந்த ஆட்டுப் பாதைகளினால் மத்தியதரைக் கடற்கரை வரை தொடர்புகொண்டிருந்தது. பின்னால் தப்பியோட வேண்டிவந்தபோது ஊரார் போனதும் இந்தப் பாதைகளால்தான்.

3

தெற்குப் பிரான்சில் அக்காலத்தில் பரவியிருந்த ஒரு மாற்றுக் கிறிஸ்தவத்தை இன்று ‘கதார்’ மதம் என்று சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியும் இவ்வுலகம் தீயசக்தியின் படைப்பு, ஆன்மா அதில் சிறைப்பட்டுள்ளது, திருச்சபையின் சடங்குகளால் மீட்சியில்லை என்பது அதன் சாரம். அதன் துறவிகள் மாமிசம் உண்ணார், பொய் சொல்லார், சத்தியம் செய்யார். சாவதற்கு முன் அவர்கள் கைவைத்து ஆசீர்வதித்தால் ஆன்மா விடுதலையடையும் என்று சாதாரண மக்கள் நம்பினர். மக்கள் இவர்களைக் ‘கதார்’ என்று அழைக்கவில்லை, ‘நல்ல மனிதர்கள்’ என்றே அழைத்தனர். ‘கதார்’ என்பது எதிரிகள் வழங்கிய பெயர். அப்படியொரு ஒழுங்கமைந்த மதம் உண்மையில் இருந்ததா, அல்லது ஒடுக்கியவர்களின் ஏடுகளில் உருவானதா என்று ஆர்.ஐ. மூர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த நூற்றாண்டில் கேட்டிருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

1209ம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்து இவர்களுக்கெதிராகச் சிலுவைப்போரைத் தொடக்கினார். 1229 வரை அது நீடித்தது. வடக்கிலிருந்து வந்த படைகள் தெற்கின் நகரங்களை எரித்தன, பிரெஞ்சு முடியாட்சி தெற்கில் கால் வைத்தது. 1244ம் ஆண்டு மொன்தாயுவுக்கு வடக்கே மொன்செகூர் மலைக்கோட்டை வீழ்ந்தது. சரணடைந்து மதம் மாற மறுத்த இருநூறுக்கு மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர். எல்லாம் முடிந்ததென்றே அதிகாரம் நினைத்தது.

முடியவில்லை. ஆக்ஸைச் சேர்ந்த பியேர் ஒத்தியே, கியோம் ஒத்தியே என்ற சகோதரர்கள் வசதியான நொத்தாரிசுகள். 1296ம் ஆண்டளவில் அவர்கள் இத்தாலியின் லொம்பார்தி பகுதிக்குச் சென்று துறவு பூண்டு, 1300ஐ ஒட்டிய காலத்தில் இரகசியமாகத் திரும்பி மலையூர்களில் போதிக்கத் தொடங்கினர். மொன்தாயுவின் பெரும்பாலான வீடுகள் அவர்களுக்குக் கதவு திறந்தன. இதற்கு விசுவாசம் மட்டும் காரணமல்ல. ஆடுகளுக்கும் குட்டிகளுக்கும் திருச்சபை அறவிட்ட பத்திலொரு பங்கு வரி மேய்ப்பர்களை வருத்திக்கொண்டிருந்தது. குருமாருக்கு எதிரான பேச்சும் வரிக்கு எதிரான பேச்சும் ஒரே அடுப்பங்கரையில்தான் நடந்தன.

1308ம் ஆண்டு கர்க்கசோன் மதவிசாரணையாளர் ஜொஃப்ருவா தப்லியின் ஆட்கள் ஊரைச் சுற்றிவளைத்து, வளர்ந்தவர்கள் அத்தனை பேரையும் கைதுசெய்து கொண்டுபோயினர். சுற்றிவளைப்பு என்ற சொல்லை இங்கே நான் தெரிந்தே எழுதுகிறேன். சிலர் தப்பி ஆட்டுப்பாதை பிடித்தனர். சிலர் உடையில் மஞ்சட் சிலுவை தைத்துக்கொண்டு திரும்பிவந்தனர். அது தண்டனை, யார் குற்றவாளி என்று எல்லோரும் பார்க்கவேண்டும் என்பதற்காக. பியேர் ஒத்தியே 1310ம் ஆண்டு துலூஸில் எரிக்கப்பட்டார்.

இந்தக் காலம் முழுவதும் ஊரில் கோலோச்சியவர்கள் கிளேர்க் குடும்பத்தினர். பியேர் கிளேர்க் ஊரின் பங்குக் குருவானவர், அவருடைய சகோதரர் பெர்னார் பிரபுவின் அதிகாரி. குருவானவர் இரகசியத்தில் கதார் அனுதாபி, வெளியே மதவிசாரணையின் ஆள். தனக்கு வேண்டியவர்களைப் பாதுகாத்தார், வேண்டாதவர்களைக் காட்டிக்கொடுத்தார். பல பெண்களோடு உறவு வைத்திருந்தார். கோட்டைத் தலைவனின் விதவையான பெயாத்ரிஸ் து பிளானிசோலும் அவர்களில் ஒருத்தி. அவரை நல்லவர் என்றோ துரோகி என்றோ ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. ஊர் அவருக்குப் பயந்தது, அவரிடம் போயும் நின்றது. இரண்டு ஆயுதங்களுக்கிடையில் வாழ்ந்த ஊர்களில் இப்படியானவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

4

1317ம் ஆண்டு பாமியே நகரின் ஆயராக ஜாக் பூர்னியே வந்தார். அரியேஜ் மண்ணின் சவெர்தான் என்ற ஊரில் பிறந்தவர், சாதாரணக் குடும்பம், பாரிஸில் இறையியல் கற்றவர். 1318 முதல் 1325 வரை அவர் நடத்திய விசாரணையில் 370 நாட்கள், 578 விசாரிப்புகள், 98 வழக்குகள் பதிவாகின. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 25 பேர் மொன்தாயுக்காரர். சித்திரவதையை அவர் மிக அபூர்வமாகவே பயன்படுத்தினார். 1321ம் ஆண்டு தொழுநோயாளர்கள்மீது பழி சுமத்தப்பட்ட வழக்கு அதற்கு விலக்கு. அவருடைய ஆயுதம் சிறையும் பொறுமையும் கேள்வியும்தான். சின்னச் சின்ன விபரம் கேட்பார். யார் பக்கத்தில் யார் இருந்தார்? கதவு திறந்திருந்ததா? என்ன சாப்பிட்டீர்கள்? நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் ஏன் வேறுபடுகிறது?

அகதி விண்ணப்பத்துக்காக ஒருமுறையேனும் அதிகாரியின் முன்னால் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளின் ருசி தெரியும்.

சாட்சிகள் ஒக்சித்தான் மொழியில் பேசினார்கள். எழுத்தர்கள் குறிப்பெடுத்து லத்தீனில் எழுதினார்கள். பிறகு அதைச் சாட்சிக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டித் திருத்தி, தோற்சுவடியில் செப்பமாகப் பிரதிசெய்தார்கள். பூர்னியேயின் பதிவேட்டின்படி ஐந்து பேர் எரிக்கப்பட்டனர். அவர்களில் கியோம் போர் என்பவர் மொன்தாயுக்காரர். பியேர் கிளேர்க் 1320ம் ஆண்டு கைதாகிச் சிறையில் இறந்தார். அவரைத் தப்பவைக்க முயன்ற சகோதரர் பெர்னாரும் 1324ம் ஆண்டு சிறையில் இறந்தார். பெயாத்ரிஸின் சிறைத்தண்டனை 1322ம் ஆண்டு மஞ்சட் சிலுவையாகக் குறைக்கப்பட்டது.

1334ம் ஆண்டு பூர்னியே பன்னிரண்டாம் பெனடிக்ற் என்ற பெயரில் பாப்பரசரானார். அவிஞ்ஞோனில் அரண்மனையைக் கட்டியவரும் அவரே. பதிவேடு அவரோடு போய், பின்னர் வத்திக்கான் நூலகத்தில் சேர்ந்தது. 1965ம் ஆண்டு ஜோன் துவெர்ன்வா லத்தீன் மூலத்தை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதை வைத்து இம்மானுவேல் லு ருவா லதுரி 1975ம் ஆண்டு மொன்தாயு பற்றிய நூலை வெளியிட்டார். கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து 1956ம் ஆண்டு வெளியேறியவர், ‘அனால்’ வரலாற்றுப் பள்ளியைச் சேர்ந்தவர், 2023ம் ஆண்டு காலமானார். அந்தக் கனத்த வரலாற்று நூல் யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்பனையாயிற்று. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு தலைமுறைப் பிரெஞ்சுக்காரர் தங்கள் பாட்டன் பாட்டியை அதில் தேடினர் என்று நினைக்கிறேன்.

5

பதிவேட்டில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி ஊரைப் பற்றியதல்ல, ஊரை விட்டு ஓடியவர்களைப் பற்றியது.

கியெமெத் மொரி மொன்தாயுவின் குடியானவப் பெண். சுற்றிவளைப்புக்குப் பின் மலை கடந்துபோய், பிள்ளைகளோடு ஸ்பெயினின் கிழக்குக் கரையை அண்டிய சான் மத்தேயோ என்ற பட்டினத்தில் குடியேறினாள். பிறர் வயலில் கூலிவேலை செய்து, சேர்த்து, வீடு வாங்கினாள். அவள் வீடு ஊராரின் சந்திப்பிடமாயிற்று. அவளுடைய உறவினனான மேய்ப்பன் பியேர் மொரி மந்தையோடு வந்து போவான். பக்கத்து மொரெய்யா நகரில் கடைசித் துறவியான கியோம் பெலிபாஸ்த் சீப்புச் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். பிரமச்சரிய விரதம் பூண்ட அவர் ரெமோந்த் என்ற பெண்ணோடு இரகசியமாக வாழ்ந்தார். அவள் கர்ப்பமானபோது அதை மறைக்கப் பியேர் மொரிக்கு அவளைக் கட்டிவைத்து, சில நாட்களில் அந்தக் கலியாணத்தைத் தானே கலைத்தார். பியேருக்கு விடயம் விளங்காமலில்லை. இருந்தும் அவரைக் கைவிடவில்லை. எஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான்.

இந்தச் சிறு அகதிக் கூட்டத்துக்குள் 1318ம் ஆண்டு ஆர்னோ சீக்ர் என்ற இளைஞன் வந்து சேர்ந்தான். சப்பாத்துத் தைப்பவன். அவனுடைய தாய் சிபீய் ஆக்ஸைச் சேர்ந்தவள், விசுவாசத்துக்காக எரிக்கப்பட்டவள். அந்தத் தாயின் பிள்ளையென்று நம்பிக் கியெமெத் கதவு திறந்தாள். அவனோ பறிமுதலான தாயின் சொத்தை மீட்கத் துரோகியை, அதாவது அவர்கள் பார்வையில் துறவியை, பிடித்துக்கொடுக்க வந்தவன். ஊருக்குப் போய் பூர்னியேயைச் சந்தித்துப் பணம் பெற்றுத் திரும்பிவந்தான். கூடச் சாப்பிட்டான், கூடச் செபித்தான். வடக்கே தனக்கொரு பணக்கார மாமி இருப்பதாகச் சொல்லி 1321ம் ஆண்டு பெலிபாஸ்தை அழைத்துச் சென்று, திர்வியா என்ற இடத்தில் பிடித்துக்கொடுத்தான். பெலிபாஸ்த் அதே ஆண்டு வில்ரூஜ் கோட்டையில் எரிக்கப்பட்டார். சீக்ருக்குத் தாயின் சொத்துத் திரும்பக் கிடைத்தது. பியேர் மொரியும் பின்னர் பிடிபட்டு, 1324ம் ஆண்டு ஆயுட்சிறைத் தண்டனை பெற்றான்.

அந்த அகதி வீட்டின் சாப்பாட்டுமேசைப் பேச்சுகள், பகிடிகள், நோன்பு, சண்டை எல்லாம் நமக்குத் தெரிகின்றன. எப்படி? சீக்ர் பூர்னியேக்கு விபரமாகச் சொன்ன வாக்குமூலத்தினாலும், பிடிபட்ட பியேர் மொரியின் வாக்குமூலத்தினாலும். அந்தப் புகலிட வாழ்வின் வரலாற்றைச் சொன்னவர்களில் ஒருவன் உளவாளி, மற்றவன் கைதி. மூன்றாவது குரல் அநேகமாக இல்லை. கியெமெத்தின் குரல் இவர்கள் வாய்வழியாகத்தான் நமக்கு வருகிறது.

6

லு ருவா லதுரியின் நூலுக்கு எதிர்விமர்சனம் உடனேயே தொடங்கிவிட்டது. பூர்னியேயை அவர் ஒரு இனவரைவியலாளர் போலப் பாவித்துவிட்டார், கேள்வி கேட்டவரின் அதிகாரத்தை முன்னுரையில் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துவிட்டார் என்று மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ 1986ம் ஆண்டு எழுதினார். சாட்சி சுதந்திரமாகக் கதைத்தது போல நூல் கதைக்கிறது. ஆனால் அந்தக் கதைகளெல்லாம் ஒரு கேள்விக்குப் பதிலாக, பயத்தில், இன்னொரு மொழியில் உருவானவை. கார்லோ கின்ஸ்பேர்க் இதை மறுக்காமல், விசாரணையாளனுக்கும் மானிடவியலாளனுக்கும் உள்ள ஒற்றுமையே நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும் என்றார். இந்தியக் குடியானவர் கிளர்ச்சிகளைப் பற்றிய அரச ஆவணங்களை எப்படி வாசிப்பது என்று ரணஜித் குஹா 1983ம் ஆண்டு எழுதிய கட்டுரையும் இதே கேள்வியைத்தான் எழுப்பியது. ஒடுக்குபவனின் எழுத்தில்தான் கிளர்ச்சிக்காரன் பெரும்பாலும் அகப்படுகிறான்.

இவற்றையெல்லாம் நான் மாணவருக்குப் படிப்பித்தவன். அப்போது என்னுடைய இடம் வரலாற்றாசிரியன் பக்கம் என்று நினைத்திருந்தேன். இங்கு வந்து சில வருடங்கள் நான் எழுத்தன் பக்கத்தில் இருந்தேன்.

வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சு ஓரளவு வேகமாக வந்துவிட்டதால், சனம் ‘கேஸ்’ எழுதித்தரச் சொல்லி வரும். எழுதினேன். அதிகாரிக்கு என்ன தேவை என்று விரைவில் பிடிபட்டுவிட்டது: திகதி, இடம், கைதுசெய்தவர் யார், எத்தனை நாள், திரும்பிப்போனால் என்ன ஆபத்து. மற்றதெல்லாம் வேண்டாத விடயம். ஒருநாள் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த, 1990ம் ஆண்டு இடம்பெயர்ந்த ஒரு வயதான அம்மா வந்தா. இரண்டு மணித்தியாலம் கதைத்தா. புகையிலைத் தோட்டம், துலாக் கிணறு, பின்வளவு எலுமிச்சை, யாருடைய ஆடு யாருடைய வேலியை மேய்ந்து என்ன சண்டை வந்தது. தங்கள் கிணற்றில் யாரைத் தண்ணீர் அள்ள விடவில்லை என்பதையும், பிறகு இடம்பெயர்ந்த முகாமில் அதே சனத்தின் வாளியிலே தான் தண்ணீர் குடித்ததையும் சொன்னா. “இதையும் எழுதுங்கோ தம்பி” என்றா. நான் எழுதவில்லை. கேஸுக்கு உதவாது. இரண்டரைப் பக்கத்தில் முடித்தேன். வழக்கு வென்றது. அவ இப்போது உயிரோடு இல்லை.

அந்த இரண்டரைப் பக்கம் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். பூர்னியே எலுமிச்சையைப் பற்றியும் கேட்டிருப்பார். அந்த வகையில் நான் அவரைவிட மோசமான எழுத்தன்.

7

எழுநூறு வருடங்களுக்குப் பிறகு ஒரு வரலாற்றாசிரியர் எங்கள் ஊர்களை எழுத உட்கார்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? இந்த நாடுகளின் அகதி அலுவலகங்களில், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி வந்த ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள். இராணுவத்தின் தடுப்பு முகாம்களில் எடுத்த வாக்குமூலங்கள், அவை வெளியே வந்தால். எங்கள் இயக்கங்களும் தங்கள் முகாம்களில் விசாரித்து எழுதினவே, அவை எரியாமல் இருந்தால். மூன்றும் விசாரணை ஏடுகள். மூன்றிலும் எங்கள் சனம் பயந்துகொண்டு பதில் சொல்கிறது. மறுபக்கம் எங்களிடம் இருப்பவை நினைவுமலர்கள். அவற்றில் ஊர் எப்போதும் பச்சையாய் இருக்கும், கோயில் மணி கேட்கும், கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளுவர். அங்கே கிளேர்க் குருவானவர் இல்லை, சீக்ர் இல்லை, பெலிபாஸ்தின் இரகசியமும் இல்லை.

இந்த நினைவுமலர்களைக் கண்டு விசாரணை ஏடு பயப்படாது. விசாரணை ஏட்டில் சண்டை இருக்கிறது, பொறாமை இருக்கிறது, பேன் இருக்கிறது. அதனால்தான் அதை நம்புகிறார்கள். மொன்தாயுவின் வரலாற்றை வாசிக்கும்போது மக்கள் உயிரோடு எழுந்து வருவதற்குக் காரணம், அவர்கள் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. எங்களுக்கு அப்படி யாரும் கழுத்தில் கைவைக்காமலே, எங்கள் மொழியில், எல்லாவற்றையும் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. கொள்கைகளைப் பற்றி ஆயிரம் பக்கம் விவாதித்தோம். ஒரு ஒழுங்கையைப் பற்றி, அதில் இருந்த வீடுகள், அவற்றின் சாதி, காணி, கடன், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார், யார் யாரை ஒளித்துவைத்தார் என்று பத்துப் பக்கம் எழுதவில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஆபத்து வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெயர்களை மாற்றலாம், சிலவற்றை எழுதி மூடிவைக்கலாம். அதற்கான ஒழுக்கம் என்ன என்பதை இந்தப் பக்கங்களிலேயே விவாதிக்கலாம். ஆனால் ஆபத்தென்று சொல்லிக்கொண்டு எழுபது எண்பது வயதானவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மொன்தாயுவில் இருந்து திரும்புகிற அன்று பழைய வீடுகள் இருந்த சரிவில் கொஞ்சநேரம் இருந்தேன். கல்லும் புல்லும் தவிர ஒன்றுமில்லை. இதில் எந்த இடத்தில் கியெமெத் மொரியின் அடுப்பு இருந்திருக்கும் என்று யோசித்தேன். பிறகு எலுமிச்சை நின்ற அந்தப் பின்வளவு நினைவுக்கு வந்தது.

அந்த அம்மா சொன்னவற்றில் எனக்கு நினைவிருப்பதை, பெயர்களை மாற்றி, அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புகிறேன். கிணற்றையும் சேர்த்துத்தான். அவ்வூரார் யாராவது வாசித்தால் பிழைகளைத் திருத்தி எழுதுங்கள்.